கணக்கிலே தடுமாறும் பிள்ளை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



மாலை வேளைகளிற் சிறுவர்க்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது போற்றத்தக்க தொண்டு. அத்தொண்டில் ஈடுபடுவோர்க்குப் பயன்படக்கூடிய ஒரு விஷயத்தைச் சொல்ல விரும்புகின்றேன்.

வாசிப்பிலும் பேச்சிலும் கெட்டிக்காரனாய் இருக்கும் பிள்ளை சிலவேளை கணக்கிலே மட்டும் தடுமாறும். உடனே நாம் அதனை "மொக்கு" என்று சொல்லிவிடுகின்றோம். எண்ணின் அளவை உணர்வதிலேயே சிலருக்கு இயல்பாக ஒரு தடை இருப்பதுண்டு. டிஸ்கல்குலியா என்பது அதன் பெயர். அது சோம்பலன்று, புத்திக் குறைவுமன்று. பிரம்பு அதற்கு மருந்தாகாது.

பிள்ளைகளைக் கண்ணாற் கற்பவர், காதாற் கற்பவர், கையாற் கற்பவர் என வகுத்து, அவரவர்க்கு அந்த வழியிற் கற்பித்தால் எல்லாம் சரியாகும் என்னும் கொள்கை பல நாடுகளிற் பரவியுள்ளது. கேட்பதற்கு இனியதுதான். ஆனால் 2008ஆம் ஆண்டில் ஹரோல்ட் பாஷ்லர் முதலிய உளநூலார் நால்வர், வெளிவந்த ஆராய்ச்சிகளைச் சீர்தூக்கி, அவ்வாறு பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய சான்று இல்லை என முடிவு கூறினர். "இவன் காதாற் கற்பவன்" என்று முத்திரை குத்தி, கையிற் பொருளைக் கொடாது விடுவது, தடுமாறும் பிள்ளைக்கு இன்னுமொரு கதவை அடைப்பதாகும்.

ஆயின் செய்யவேண்டியது யாது? 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 35 என்று எழுதுகின்றது. 2இலிருந்து 7 போகாதென்று கண்டு, 7இலிருந்து 2ஐக் கழித்துவிட்டது. இது கவனக்குறைவன்று, 52இல் உள்ள 5, ஐந்து பத்துக்கள் என்பது அதற்கு விளங்கவில்லை. ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, 5 கட்டும் 2 தனி ஈர்க்கும் அதன்முன் வையுங்கள். ஒரு கட்டைப் பிள்ளையே அவிழ்க்கட்டும். தனி ஈர்க்கு 12 ஆகும். அதில் 7ஐ எடுத்தால் 5. மீந்த 4 கட்டில் 2ஐ எடுத்தால் 2. விடை 25. செய்வதை வாய்விட்டுச் சொல்லட்டும். பின்பு அதனையே கோடும் புள்ளியுமாக வரையட்டும். கடைசியிலேதான் இலக்கம். ஜெரோம் புரூனர் 1966இல் செயல், உருவம், குறியீடு என வகுத்துரைத்ததும் இதுவே. இம்மூன்றும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும். தடுமாறும் பிள்ளைக்கு மெதுவாக, பலமுறை வேண்டும்.

எண்ணின் பெயரும் சிலரை மயக்கும். 90ஐத் தொண்ணூறு என்கின்றோம்; அதிலே "நூறு" ஒலிக்கின்றது. "ஒன்பது பத்து" என்றும் கூடவே சொல்லிக் காட்டுங்கள்.

விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கின்றோம். விரல் எழுதுகின்றது, வாய் சொல்கின்றது, செவி கேட்கின்றது, கண் பார்க்கின்றது. இக்குழந்தை எந்தப் புலனாற் கற்பது என்று எவரும் கேட்பதில்லை. கணக்கையும் அவ்வாறே தொடக்குவோமாக.

கணக்கிலே மனம் முறிந்த பிள்ளை, வளர்ந்த பின்னும் கடையில் மிச்சக் காசை எண்ண அஞ்சும். ஈர்க்குக் கட்டுக்குச் செலவில்லை. பொறுமை ஒன்றே வேண்டும். அப்பொறுமையை நம் இளைஞர் தருவார்களென நம்பி, என் பேச்சை முடிக்கின்றேன்.