அடுத்த படைப்பு எப்போது?

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் விழாவில் ஒரு ஸ்பானியத் திரைப்பட இயக்குநரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விக்டர் எரிஸே என்பது அவர் பெயர். நம் வட்டத்தின் தொடக்க நாட்களில், சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில் அவருடைய முதல் படத்தைப் பார்த்தவர்கள் இந்த அவையில் சிலர் இருக்கிறார்கள். உலகெங்கும் ஒரு சிறு கூட்டம் அவர் மீது தீராத பற்றுக் கொண்டிருக்கிறது. அந்தக் கூட்டம் முப்பது ஆண்டுகளாக ஒரே ஒரு செய்திக்காகக் காத்திருந்தது. அவருடைய அடுத்த படம் எப்போது என்பதே அந்தச் செய்தி. நம்மிடையேயும் அதே கேள்வி வேறு வடிவில் உலவுகிறது. அதனால்தான் அவரைப் பற்றிப் பேசுவது பொருத்தம் எனக் கருதினேன்.

எரிஸே 1940இல் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் பிறந்தவர். உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு அது. 1973இல் வெளிவந்த 'தேன்கூட்டின் ஆன்மா' அவருடைய முதல் முழுநீளப் படம். கதை நிகழ்வதும் 1940இல்தான். காஸ்தீலியச் சிற்றூர் ஒன்றிற்குப் படப்பெட்டி வருகிறது. ஊர்க்கூடத்தில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' திரையிடப்படுகிறது. அதைப் பார்த்த ஆனா என்னும் சிறுமி, அந்தப் பூதம் எங்கோ உயிரோடு இருப்பதாக நம்பித் தேடத் தொடங்குகிறாள். பாழடைந்த தொழுவத்தில் ஒளிந்திருக்கும் ஒரு தலைமறைவு மனிதனுக்கு உணவும், தந்தையின் மேலங்கியும் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அவன் சுடப்படுகிறான். ஃபிராங்கோ உயிரோடு ஆண்டுகொண்டிருந்தபோது எடுக்கப்பட்ட படம் அது. போரைப் பற்றி உரத்து ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அந்த வீட்டின் மௌனம் முழுவதும் போரினால் ஆனது. சான் செபாஸ்தியான் விழாவின் முதன்மைப் பரிசு அதற்குக் கிடைத்தது.

அடுத்த படம் வரப் பத்தாண்டுகள் ஆயின. அதெலைதா கார்சியா மொராலெஸின் கதையை அடிப்படையாகக் கொண்ட 'தெற்கு' 1983இல் வெளிவந்தது. வடக்கில் வாழும் ஒரு பெண், தன் தந்தை விட்டுவந்த தெற்கைப் பற்றி எண்ணி எண்ணி வளர்கிறாள். திரைக்கதையின் பிற்பகுதியில் அவள் தெற்கே செல்ல வேண்டும். ஆனால் வடக்குப் பகுதி முடிந்ததும், பணத்தைக் காரணம் காட்டித் தயாரிப்பாளர் எலியாஸ் கெரெஹேதா படப்பிடிப்பை நிறுத்திவிட்டார். ஆகவே அவள் பெட்டி கட்டுவதோடு படம் முடிந்துவிடுகிறது. 'தெற்கு' என்ற பெயருடைய படத்தில் தெற்கு, சில அஞ்சலட்டைகளாகவும் கற்பனையாகவும் மட்டுமே எஞ்சியது. பலரும் அதை நிறைவான படைப்பு என்று கொண்டாடினார்கள். எரிஸே மட்டும் அது முடிவுறாத படம் என்றே சொல்லிவந்தார்.

இந்த இடத்தில் நாம் நின்று யோசிக்க வேண்டும். முடிவுறாமையைப் போற்றிப் பேசுவது நமக்கு எளிது. 'சொல்லாமல் விட்டதே கவிதை' என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். ஆனால் சொல்ல விரும்பியவனின் வாய் அடைக்கப்பட்டபோது, அதையும் அழகியல் என்று பாராட்டுவது கொடுமை. தான் விட்டதற்கும் தன்னிடமிருந்து பறிக்கப்பட்டதற்கும் உள்ள வேறுபாடு படைப்பாளிக்குத் தெரியும். வாசகனும் அதை அறிந்துகொள்ள முயல வேண்டும்.

தானே விட்டதற்கு எடுத்துக்காட்டு, 1992இல் வெளிவந்து கான் விழாவில் நடுவர் குழுப் பரிசு பெற்ற மூன்றாவது படம். 'குயின்ஸ் மரத்துச் சூரியன்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அன்தோனியோ லோபெஸ் என்னும் ஓவியர், 1990ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், தம் வீட்டு முற்றத்தில் நிற்கும் குயின்ஸ் மரத்தை வரையத் தொடங்குகிறார். தாம் நிற்கும் இடம் மாறிவிடாதிருக்கத் தரையில் ஆணி அடித்துக்கொள்கிறார். பழங்கள் கனம் ஏறித் தாழ்வதைக் கணக்கிடப் பழங்களின் மீதும் இலைகளின் மீதும் வெள்ளைக் குறிகள் இடுகிறார். மழை வருகிறது, அவர் விரும்பிய வெயில் நாளில் சற்று நேரமே நிற்கிறது. வண்ண ஓவியத்தைக் கைவிட்டுப் பென்சில் ஓவியம் தொடங்குகிறார். அதுவும் முடிவதற்குள் பழங்கள் உதிர்ந்து அழுகிவிடுகின்றன. அவரிடம் துயரமும் இல்லை, தோல்வி மனப்பான்மையும் இல்லை. மரத்தோடு இருந்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இந்தப் படத்திற்குப் பின் எரிஸேயிடமிருந்து முழுநீளப் படம் வர முப்பத்தொரு ஆண்டுகள் ஆயின. அவர் சும்மா இருந்தார் என்று பொருளல்ல. 1990களின் பின்பாதியில், ஹுவான் மார்ஸேயின் நாவல் ஒன்றைத் தழுவி 'ஷாங்காயின் வாக்குறுதி' என்னும் திரைக்கதையை எழுதினார். போருக்குப் பிந்தைய பார்சலோனாவில், நோயுற்ற ஒரு சிறுமிக்கு அவள் தந்தையின் ஷாங்காய்ப் பயணம் கதையாகச் சொல்லப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் உழைத்து முடித்த அந்தத் திட்டம் அவர் கையைவிட்டுப் போயிற்று; வேறோர் இயக்குநர் தம்முடைய திரைக்கதையில் அந்த நாவலைப் படமாக்கி 2002இல் வெளியிட்டார். எரிஸே தம் திரைக்கதையை 2001இல் நூலாக அச்சிட்டார். எடுக்க முடியாத படத்தை வாசிக்கவாவது கொடுத்தார். பின்னர் குறும்படங்கள் எடுத்தார். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரொஸ்தாமியோடு படக்கடிதங்கள் பரிமாறிக்கொண்டார். 'அடுத்த படம் எப்போது' என்று கேட்டவர்களில் பலர் இவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

2023ஆம் ஆண்டு மே மாதம், எண்பத்திரண்டு வயதில், அவருடைய 'கண்களை மூடுதல்' கான் விழாவில் திரையிடப்பட்டது. அது போட்டிப் பிரிவில் சேர்க்கப்படவில்லை. எரிஸே விழாவுக்குச் செல்லவில்லை. விழாவினர் தம்மிடம் நடந்துகொண்ட முறையை ஸ்பானிய நாளேட்டில் ஒரு திறந்த மடலாக எழுதினார். அதே ஆண்டில் சான் செபாஸ்தியான் விழா தன் சிறப்பு விருதை அளித்து அவரைப் பெருமைப்படுத்தியது. முதல் படத்திற்குப் பரிசு தந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

படத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படப்பிடிப்பின் நடுவே ஒரு நடிகர் காணாமற்போகிறார். படம் நின்றுவிடுகிறது, தொடக்கக் காட்சியும் இறுதிக் காட்சியும் மட்டுமே எஞ்சுகின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின், அந்தப் படத்தை இயக்கியவர் தம் நண்பனைத் தேடிப் போகிறார். நின்றுபோன அந்தப் படத்தில், சாகும் தறுவாயிலுள்ள ஒரு முதியவர் தம் மகளை ஷாங்காயிலிருந்து அழைத்துவரச் சொல்கிறார். கைநழுவிய ஷாங்காய் இவ்வாறு திரும்பி வருகிறது. தேடல் தெற்கு ஸ்பெயினின் கடற்கரைக்கு நீள்கிறது. நாற்பதாண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட தெற்கும் வந்துசேர்கிறது. காணாமற்போன நடிகரின் மகளாக நடித்திருப்பவர் ஆனா தோரென்ட். 1973இல் பூதத்தைத் தேடிச் சென்ற அதே சிறுமி. இந்தப் படத்திலும் அவள் பெயர் ஆனாதான். நினைவை இழந்த தந்தையின் முன் நின்று அவள் தன் பெயரைச் சொல்லும்போது, ஐம்பது ஆண்டுக் காலம் அந்த ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. முடிவில், மூடிக்கிடந்த ஒரு பழைய திரையரங்கைத் திறந்து, எஞ்சிய படச்சுருளை அவருக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். அவர் பார்க்கிறார், கண்களை மூடுகிறார். நினைவு திரும்பியதா என்று படம் சொல்லவில்லை.

எடுக்கப்படாத படங்கள் ஒரு படைப்பாளிக்குள் என்ன ஆகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இழப்பு இழப்பே, ஷாங்காய்ப் படம் நமக்குக் கிடைக்கப் போவதில்லை. ஆயினும் அவர் அதை மறக்கவில்லை. மண்ணுக்குள் கிடந்தது வேறு செடியாக முளைத்தது. அதற்கு அவருடைய உறுதி ஒரு காரணம். அவருடைய பழைய படங்களைத் திரும்பத் திரும்பத் திரையிட்டும் விவாதித்தும் அவரை மறவாதிருந்த சிறு கூட்டம் மற்றொரு காரணம் என்று நம்புகிறேன்.

இப்போது நம்மிடம் வருகிறேன். நம் வட்டத்தில் ஒரு கவிஞர் இருந்தார். பெயர் சொல்ல விரும்பவில்லை. பின்வரிசையில் சுவரோரம் அமர்வார். ஒரே தொகுப்பு வெளியிட்டார். நாம் அனைவரும் பாராட்டினோம். அதற்குப் பின் ஒவ்வொரு கூட்டத்திலும் அவரை வரவேற்ற சொல் ஒன்றுதான்: 'அடுத்த தொகுப்பு எப்போது?' அன்பினால்தான் கேட்டோம். அதிகம் கேட்டவன் நான். சில ஆண்டுகளில் அவர் வருவது குறைந்தது, பிறகு நின்றது. இந்த மலருக்காகக் கவிதை கேட்டு எழுதினேன். 'தர ஒன்றுமில்லை' என்று ஒரு வரியில் பதில் வந்தது. அது உண்மையாக இருக்கலாம். ஆனால் இத்தனை ஆண்டுகளில், அவர் இப்போது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், எது அவரைத் தடுக்கிறது, எதைப் பாதியில் வைத்திருக்கிறார் என்று ஒருமுறையும் நான் கேட்டதில்லை. அச்சாகி வந்தால் மட்டுமே கவிஞன் உயிரோடு இருப்பதாக நாம் எண்ணிவிட்டோம்.

ஆகவே வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பதினோராம் ஆண்டில் இரண்டு அமர்வுகளையாவது முடியாத எழுத்துகளுக்கு ஒதுக்குவோம். பாதியில் நின்ற கவிதை, கைவிட்ட நாவலின் ஓர் அத்தியாயம், அச்சகத்திற்குக் கொடுக்கப் பணமில்லாமல் பெட்டியில் கிடக்கும் கைப்பிரதி என எதுவாயினும் வாசிக்கலாம். பணம்தான் தடை என்றால் வட்டம் உதவ வேண்டும். எழுதியவரே விட்டுவிட விரும்பினால், லோபெஸின் மரத்தைப் போல அதையும் மதிக்க வேண்டும். எது எது என்று அறிய, முதலில் நாம் கேட்கும் கேள்வி மாற வேண்டும்.

முதல் அமர்வுக்கு அந்த நண்பரை நானே நேரில் சென்று அழைப்பேன். வருவாரா என்று தெரியாது. பின்வரிசையில் சுவரோரம் ஒரு நாற்காலியை அவருக்காக வைத்திருப்போம்.