நோயில்லாத ஆண்டுகளின் வேலை

ஒரு தொற்றுநோய் நாட்டுக்குள் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்தால், மருந்தை வாங்கிக் குவியுங்கள், வைத்தியசாலைகளில் கட்டில்களைக் கூட்டுங்கள், விமான நிலையத்தில் ஆட்களைப் பரிசோதியுங்கள் என்றுதான் பெரும்பாலோர் சொல்வோம். இவை எல்லாம் வேண்டியவைதாம். ஆனால் நோய் வாசலுக்கு வந்தபிறகு நினைவுக்கு வரும் வேலைகள் இவை. நோய் கண்ணில் படாத ஆண்டுகளில் எந்த வேலையைக் கைவிடாமல் செய்து வருகிறோம் என்பதை வைத்தே ஒரு நாட்டின் தயார்நிலையை அளக்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்குச் சான்று இலங்கையின் மலேரியா வரலாற்றிலேயே இருக்கிறது.

1934ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தத் தேக்கங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு பெருகியது. வழக்கமாக மழை நிறைந்திருக்கும் பகுதிகளின் மக்களுக்கு இந்தக் காய்ச்சல் பழக்கமில்லை, அதைத் தாங்கும் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. கேகாலை, குருநாகல் பக்கங்களில் ஊர் ஊராகச் சனங்கள் விழுந்தார்கள். சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்கள் போயின. பின்னர் 1940களின் நடுப்பகுதியில் வீட்டுச் சுவர்களில் டிடிடி தெளிக்கும் பணி தொடங்கியது. காய்ச்சல்காரரின் குருதியைப் பரிசோதிக்கும் ஏற்பாடும் நாடெங்கும் பரவியது. அதன் பலனாக 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். உலகமே வியந்து பார்த்த வெற்றி அது.

அதன் பிறகு நடந்ததைத்தான் நாம் ஆழ்ந்து யோசிக்க வேண்டும். நோய் அடங்கிய இடங்களில் மருந்து தெளிப்பதை நிறுத்தினார்கள். அது திட்டத்தில் முன்பே இருந்ததுதான். ஆனால் தெளிப்பு நின்றாலும் கண்காணிப்பு நிற்கக்கூடாது என்பதும் அதே திட்டத்தின் பகுதி. அந்தக் கண்காணிப்புத்தான் தளர்ந்தது. ஒருவரின் உடலில் இருக்கும் கிருமியை விரைவில் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால், அவரைக் கடிக்கும் நுளம்பு அதை அடுத்தவருக்குக் கொண்டுபோக முடியாது. கண்டுபிடிக்கச் சில வாரங்கள் தாமதித்தால் ஒருவர் பலராகிவிடுவார். மழை குறைந்து ஆறுகள் மறுபடியும் தேங்கியபோதும், மாணிக்கக்கல் தோண்டப் பல ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து போனபோதும், அந்தத் தாமதத்தின் விலை தெரிந்தது. 1969இல் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் மலேரியாவால் பாதிக்கப்பட்டார்கள். 17 என்ற எண்ணிக்கைக்கும் இதற்கும் இடையே ஆறே ஆண்டுகள். இழந்ததை மீட்கவோ அதைப்போலப் பல மடங்கு காலம் பிடித்தது. உள்நாட்டிலேயே நிலைத்துப் பரவிவந்த கிருமி தொற்றிய கடைசி நோயாளர் பதிவானது 2012இல். இடையில் நடந்த நீண்ட போரின்போதும் மலேரியா தடை இயக்கத்தின் களப்பணி முற்றாக நின்றுவிடவில்லை என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

நோயே இல்லையென்று சான்றிதழ் கிடைத்தபின் அதற்கெனப் பணம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். 2017இல் 1,86,000க்கும் மேற்பட்டோரை டெங்கு வாட்டியதே, அந்தப் பணத்தை அங்கே கொடுக்கக்கூடாதா என்கிறார்கள். நியாயமான கேள்வி. இருக்கும் நோயாளியை விட்டுவிட்டு இல்லாத நோயைத் துரத்தச் சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆனால் மலேரியாக் கிருமி போயிருக்கிறதே தவிர, நுளம்பு போகவில்லை. சென்னை போன்ற இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டெபன்சி என்ற நுளம்பு மன்னாரில் காணப்பட்டதாக 2017இல் அறிவிக்கப்பட்டது. வெளிநாடு சென்று திரும்புவோரின் உடலில் கிருமி ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2018 இறுதியில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு அது தொற்றவும் செய்தது. பரவாமல் அங்கேயே தடுக்க முடிந்ததற்குக் காரணம், நோய் இல்லாத காலத்திலும் வேலையில் இருந்த குருதிப் பரிசோதகர்களும் பூச்சியியல் அலுவலர்களும்தான். அவர்களின் சம்பளத்தை வீண்செலவு என்பவர்கள் 1969இன் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. அடுத்து வரப்போவது பெயரே தெரியாத நோயாக இருந்தால், மலேரியாவுக்குப் பழகியவர்கள் என்ன செய்வார்கள்? இதற்கு நைஜீரியாவில் பதில் இருக்கிறது. 2014 ஜூலையில் எபோலா தொற்றிய ஒருவர் விமானத்தில் லாகோஸ் வந்து இறங்கினார். நெரிசல் மிகுந்த பெருநகரம் அது. அங்கே இளம்பிள்ளைவாதத்தை ஒழிக்கப் பல ஆண்டுகளாக உழைத்து வந்தவர்களையும் அவர்களின் கட்டளை மைய முறையையும் அரசாங்கம் உடனே எபோலாவுக்குத் திருப்பியது. நோயாளிகளோடு பழகிய ஏறத்தாழ 900 பேரைத் தேடிப்பிடித்து, வீடு வீடாகப் போய்க் கண்காணித்தார்கள். நோய் கண்டவர்கள் 20 பேரோடு நின்றது, இறந்தவர்கள் 8 பேர். அக்டோபரிலேயே நைஜீரியா எபோலா அற்ற நாடானது. அதே நோய் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளில் 11,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கிருமி மாறலாம். காய்ச்சல்காரரைக் கண்டறிவது, அவரோடு பழகியவர்களைத் தேடுவது, மக்கள் கதவைத் திறக்கும் அளவுக்கு நம்பிக்கை பெறுவது ஆகிய திறமைகள் மாறுவதில்லை. நெருக்கடி நாளில் பணம் கொடுத்தாலும் அவற்றைக் கடையில் வாங்க முடியாது.

எல்லையை மூடிவிட்டால் போதாதா என்றும் கேட்கலாம். வருபவர்களில் நம் மக்களும் இருக்கிறார்கள். கிருமி உள்ளே இருந்தும் காய்ச்சல் இன்னும் தொடங்காதவரை எந்த வெப்பமானியும் காட்டிக்கொடுக்காது. தண்டனைக்குப் பயந்து பயணத்தை மறைப்பவர்தான் எல்லோரிலும் பெரிய ஆபத்து.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவானவை. நோயாளர் எண்ணிக்கை குறைவதைக் காரணம் காட்டி நோய்க் கண்காணிப்புக்கான நிதியைக் குறைக்க முடியாதபடி ஒரு சட்டப் பாதுகாப்பு வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் ஆய்வுகூட அலுவலர்களுக்கும் உரிய பதவிகள் வெற்றிடமாகக் கிடக்கக் கூடாது. மலேரியா நோயாளியையே பார்த்திராத இளம் வைத்தியர்கள், காய்ச்சலோடு வருபவரிடம் எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்கப் பழக்கப்பட வேண்டும். நாமும் கேட்கும்வரை காத்திராமல் அதைச் சொல்ல வேண்டும். நோய் வராத ஆண்டில் இந்த வேலைகளுக்குக் கைதட்டல் கிடைக்காது, தேர்தல் மேடையில் இவற்றைக் காட்டி வாக்குக் கேட்கவும் முடியாது. அதனால்தான் இவற்றுக்காகக் குரல் கொடுக்கும் பொறுப்பு மக்களாகிய நம்மிடம் வருகிறது.