மூன்று அங்குலப் பாதம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



உலக நாடுகளில் பெண்ணினம் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச முன்வந்துள்ளோம். பொருளோ பெருங்கடல். கிடைத்திருக்கும் நேரத்தில் ஒரு கை நீரைத்தான் அள்ளிக் காட்ட முடியும்.

முதலில் சீன தேசத்தை நோக்குவோம். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக அங்கே சிறுமியரின் பாதங்களைக் கட்டும் வழக்கம் நிலவியது. ஐந்தாறு வயதிலேயே பெருவிரல் தவிர்ந்த நான்கு விரல்களையும் உள்ளங்காலின் கீழ் மடக்கி, நீண்ட துணியினால் இறுகச் சுற்றிவிடுவர். எலும்பு முறியும், புண் சீழ்ப்பிடிக்கும், குழந்தை இரவெல்லாம் கதறும். இவ்வாறு மூன்று அங்குலமாகக் குறுக்கப்பட்ட பாதமே அழகின் எல்லை எனப்பட்டது. அதற்குப் பொற்றாமரை என்று பெயரும் சூட்டினர். காலை முடமாக்கிவிட்டுத் தாமரை என்று புகழ்ந்த கொடுமையை என்னென்பது!

அத்துணியைக் கட்டிய கை யாருடையது? பெரும்பாலும் பெற்ற தாயின் கையே. அவள் அரக்கியல்லள். கால் கட்டாத பெண்ணுக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை கிடைக்காதே என்று அஞ்சியவள். தான் பட்ட வேதனையை மகளுக்கும் கொடுக்கும்படி அவளைத் தூண்டியது அந்த அச்சமே.

கீழ்நாடுகள்தாம் இப்படி என்று எண்ணிவிடலாகாது. இங்கிலாந்திலே 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரையில், மணமான பெண் கொண்டுவந்த பணமும் பண்டமும் பொதுவாகக் கணவனுக்கே சொந்தம். அவளது நிலமும் அவன் ஆட்சியிலேயே இருந்தது. சனநாயகத்தின் தொட்டில் என்று புகழப்படும் சுவிற்சர்லாந்தில், பெண்களுக்கு வாக்குரிமை வழங்கலாமா என்று 1959இல் ஆண்களிடம் கேட்டபோது, வாக்களித்தவர்களில் மூன்றில் இரு பங்கினர் கூடாது என்றனர். பெண்ணுக்கு வீடே உலகம் என்பது அவர்கள் காட்டிய நியாயம். 1971இல்தான் நாடளாவிய வாக்குரிமை கிடைத்தது. அந்நாட்டின் ஒரு சிறு மாநிலத்தில், மாநில அலுவல்களிலும் வாக்களிக்கும் உரிமையை 1990இல் நீதிமன்றமே வழங்க வேண்டியிருந்தது.

அழகு, பாதுகாப்பு, குடும்ப மானம் என்று நாட்டுக்கு நாடு சொல்லும் காரணம் வேறு. ஆனால், பெண்ணைத் தாழ்த்துகிறோம் என்று எவரும் சொல்லிக்கொண்டு தாழ்த்தியதில்லை.

நாம் எப்படி? 1931லேயே நம் நாட்டுப் பெண்கள் வாக்களித்தார்கள். பிரான்சு நாட்டுப் பெண்களுக்கு அவ்வுரிமை 1944இல்தான் கிடைத்தது. 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரை அளித்ததும் இந்நாடே. பெருமைதான். ஆயினும் யாழ்ப்பாணத்துத் தேசவழமையோடு சேர்ந்த 1911ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். மனைவி தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்று அது விதித்தது. உறுதியில் அவள் பெயர். அதிகாரமோ அவன் கையில்!

சட்டம் கிடக்கட்டும், சீதனத்தைப் பேசுவோம். மகளுக்குப் பெற்றோர் மனமுவந்து கொடுக்கும் காணியையும் நகையையும் நாம் குறை கூறவில்லை. மாப்பிள்ளையின் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் விலை பேசி, நன்கொடை என்று பெயரிட்டுக் கேட்கும் ரொக்கத்தையே குறிப்பிடுகிறோம். தங்கைமாரைக் கரைசேர்க்க அந்நிய நாட்டில் உழைத்துத் தலை நரைத்த அண்ணன்மாரை நாம் அறியோமா? அதே வீட்டில் தம்பிக்குப் பெண் பார்க்கும்போது, கொடுத்ததை வாங்கத்தானே வேண்டும் என்று சொல்பவளும் ஒரு தாய்தான். சீனத்துத் தாயின் கையிலிருந்த துணி இங்கே வேறு உருவில் வந்திருக்கிறது.

அங்கே அத்துணி எப்படி அவிழ்ந்தது? 17ஆம் நூற்றாண்டில் மஞ்சு அரசர் தடை விதித்தும் பலிக்கவில்லை. காலம் கடந்து, காங் யூவெய் என்னும் அறிஞர் தம் பெண்மக்களின் கால்களைக் கட்ட மறுத்தார். 1897இல் சாங்காயில் அறிஞர் பலர் கூடிச் சங்கம் அமைத்தனர். அதன் அங்கத்தவர்கள் எடுத்த உறுதிமொழி இரண்டு. எங்கள் மகளின் காலைக் கட்டோம் என்பது ஒன்று. கால் கட்டிய பெண்ணை எங்கள் மகனுக்கு எடுக்கோம் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதிலேதான் சூட்சுமம் இருக்கிறது. கட்டாத காலுடையவளுக்கும் மாப்பிள்ளை உண்டு என்றதும் தாயின் அச்சத்துக்கு வேரில்லாமற் போயிற்று. 1912இல் குடியரசு தடை விதித்தபோது, நகரங்களில் மக்கள் மனம் ஏற்கெனவே மாறத் தொடங்கியிருந்தது. கிராமங்களில் அவ்வழக்கம் ஒழிய மேலும் பல ஆண்டுகள் சென்றன.

இளைஞர்களே! உமையை ஒரு பாகத்தில் வைத்த பெருமானை வணங்குபவர்கள் நாம். பெண்ணைப் பெற்றவர் எங்ஙனம் முதலில் மறுப்பார்? மறுத்தால் மகளல்லவா காத்திருக்க வேண்டும்! ஆகவே முதல் வார்த்தை மாப்பிள்ளை வீட்டிலிருந்தே வரவேண்டும். வாங்கமாட்டேன் என்று நீங்கள் சொல்லுங்கள். கேட்கமாட்டோம் என்று பெரியோர்களும் தாய்மார்களும் சொல்லட்டும். இச்சங்கத்தில் பத்துப் பேர் சொன்னாலும் பத்து வீட்டில் ஓர் அச்சம் நீங்கும். அடுத்த ஆண்டு விழாவில் அந்தப் பத்துப் பேரையும் இம்மேடையிலே காண விரும்புகிறோம்.