மூன்றாவது கோப்பை

துப்பறியும் நாவல் என்றதும் கொலையும் குருதியும் நள்ளிரவுக் காலடியோசையுமே பலருடைய நினைவுக்கு வரும். கற்றோர் சிலர் அத்தகைய நூல்களை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுவதும் உண்டு. ஆயினும், நகைக்கவைத்து, நகைத்தபின் சிந்திக்கவும் வைக்கும் துப்பறியும் நாவல்களும் உள. அலெக்சாண்டர் மெக்கால் சிமித் ஆங்கிலத்தில் எழுதி, 1998ஆம் ஆண்டில் வெளிவந்த 'முதலாம் இலக்கப் பெண்கள் துப்பறியும் நிலையம்' அவ்வகையைச் சேர்ந்தது.

கதை நிகழுமிடம் ஆபிரிக்காவிலுள்ள பொட்ஸ்வானா நாடு. தென்னாபிரிக்கச் சுரங்கங்களில் உழைத்து நுரையீரல் கெட்டு மாண்ட தந்தை விட்டுச்சென்ற மாடுகளை விற்று, தலைநகராகிய கபரோனில் துப்பறியும் நிலையமொன்றை அமைக்கிறார் திருவாட்டி ரமொட்ஸ்வே. அந்நிலையத்தின் உடைமைகள் யாவை? சின்னஞ்சிறு வெள்ளை வான் ஒன்று, மேசை இரண்டு, நாற்காலி இரண்டு, தொலைபேசி, பழைய தட்டச்சுப்பொறி, தேநீர்ப் பாத்திரம், கோப்பைகள் மூன்று. ஒரு கோப்பை அவருக்கு, மற்றொன்று செயலாளருக்கு, மூன்றாவது முறையீட்டோடு வருபவருக்கு. துப்பாக்கியோ உருப்பெருக்கிக் கண்ணாடியோ அப்பட்டியலில் இல்லை.

அங்கு வருபவர்களுள் ஒருத்தி தானே உழைத்து முன்னேறிய பெண். குழந்தைப் பருவத்திலே தன்னை விட்டுச்சென்ற தந்தை தாமே என்று கூறி ஒருவர் வந்து, அவள் வீட்டில் உண்டு உறங்கிச் சுகமாயிருக்கிறார். அவர் மெய்யான தந்தைதானா என்ற ஐயம் அவளை வருத்துகிறது. ரமொட்ஸ்வே தாதியுடை அணிந்து அவரிடம் ஓடுகிறார். மகள் விபத்தில் சிக்கினாள், தந்தையின் குருதி பெருமளவு வேண்டும், கொடுத்தால் அவர் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்கிறார். மறுகணமே, 'தந்தை' தாம் தந்தையல்லர் என்று ஒப்புக்கொள்கிறார்!

கேட்பவர் நகைக்காதிருக்க இயலாது. ஆனால், அந்நகைப்பினுள் ஒரு வினா உண்டு. உறவென்பது உண்பதற்கு மட்டுந்தானா, உயிர் கொடுப்பதற்குமா? இரு தாயரிடையே தீர்ப்பளித்த சாலமோன் மன்னன் அன்பைச் சோதித்த வழியும் இதுவே.

ரமொட்ஸ்வே துன்பம் அறியாதவரல்லர். கணவனின் கொடுமையைப் பொறுத்தவர். பிறந்த சில நாளிலே குழந்தையைப் பறிகொடுத்தவர். ஆகவேதான், காணாமற்போன மகனைத் தேடித்தருமாறு கிராமத்து ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதம் அவர் நெஞ்சை வாட்டுகிறது. அம்மகனின் கதி என்னவாயிற்று என்பதை இங்கே கூறிவிடின் வாசிப்போரின் இன்பம் குன்றும்.

இந்நாவலின் எளிமை துயரத்தை மறந்ததனால் வந்த எளிமையன்று. துயரத்தைக் கடந்து பிறர்க்கு உதவுவதனால் வந்தது. இங்கே துப்பறிதல் என்பது பெரும்பாலும் பிறர் சொல்வதைப் பொறுமையோடு கேட்டலேயாம். அதற்கு முதலில் வேண்டுவது, வருபவருக்கென எடுத்துவைத்த அந்த மூன்றாவது கோப்பை.