நமக்கு வராது என்ற நம்பிக்கை

(கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றி நாம் பல முறை பேசியிருக்கிறோம். இன்று அந்தச் சம்பளத்தை ஈட்டும் உடம்பைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

மழைக்காலம் வந்தால் வெட்டுப்பட்டை அழுகாமலிருக்க முன்கூட்டியே மருந்து பூசுகிறோம். பட்டை அழுகட்டும், பிறகு பார்க்கலாம் என்று எந்தத் தொழிலாளியும் சொல்வதில்லை. மரத்துக்குக் காட்டும் இந்த முன்யோசனையை உடம்புக்கு ஏன் காட்டுவதில்லை? நம் மனத்தில் ஊறிப்போன சில நம்பிக்கைகளே காரணம்.

இனிப்பு நீர் வியாதியை எடுத்துக்கொள்வோம். 2019-இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, வயது வந்த மலேசியரில் நூற்றுக்கு 18 பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியரில் அது 31. கொடுமை என்னவென்றால், நோயுற்ற மலேசியரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே அப்போது தெரியாமல் இருந்தது!

கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? “உழைக்கிற உடம்பு, நமக்கு வராது” என்கிறோம். “வலி இல்லையே, நோய் எங்கே?” என்கிறோம். தோழர்களே, இந்த நோய் தொடக்கத்தில் வலிக்காது. வலி வரும்போது காலமும் கடந்திருக்கும்.

1950-களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டறிய எக்ஸ்ரே எடுக்க வாருங்கள் என்று மக்களை அழைத்தார்கள். பலர் வரவில்லை. ஏன் என்று ஹோக்பாம் என்பவர் பாஸ்டன், கிளீவ்லாந்து, டெட்ராய்ட் நகரங்களில் ஆராய்ந்து 1958-இல் வெளியிட்டார். ‘எனக்கும் நோய் வரலாம், முன்கூட்டிக் கண்டால் நன்மை’ என்று நம்பியவர்களில் நூற்றுக்கு 82 பேர் தாமாகவே எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இவ்விரண்டையும் நம்பாதவர்களில் 21 பேரே எடுத்திருந்தார்கள். படித்த நாட்டிலும் இதே கதைதான்!

அடுத்து, “எல்லாம் தலைவிதி” என்கிறோம். மலேரியாவும் ஒரு காலத்தில் கெட்ட காற்றால் வருவதாகவே உலகம் நம்பியது. கொசுதான் காரணம் என்பதற்கு 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் சான்று கண்டார். 1901 முதல் இதே சிலாங்கூரில், கிள்ளானில், டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்து காய்ச்சலைக் குறைத்தார். விதி என்று விட்டிருந்தால் நம் பாட்டன்மார் இன்னும் எத்தனை பேர் மடிந்திருப்பார்கள்?

இனிப்பு நீரும் அப்படியே. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நோயின் விளிம்பில் நின்றவர்களை மூன்றாண்டு கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது. இவர்கள் நம் இரத்தம், நம் சோறு உண்பவர்கள்.

“ஊசி போட்டால் கால் போய்விடும்” என்ற அச்சமும் உண்டு. இது வெறும் மூடத்தனம் என்று நாம் ஏளனம் செய்யமாட்டோம். நம் லயத்தில் ஒருவர் புண் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார். ஊசி போட்டார்கள், காலையும் எடுத்தார்கள். பார்த்தவர்கள் ஊசியைப் பழித்தார்கள். காலைக் கொண்டுபோனது ஊசியன்று, தாமதம்! தாமதம் அச்சத்தை வளர்க்கிறது. அச்சம் மறுபடியும் தாமதத்தை வளர்க்கிறது. இந்தச் சக்கரத்தை நாம்தான் நிறுத்த வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கிளினிக்குக்குப் போனால் அன்றைய வேலை கெடுகிறது. இது நம்பிக்கையன்று, உண்மையான தடை. அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான். இழக்கும் கூலியோ பெரிது. ஆகவே, சம்பளம் பிடிக்காமல், பெரட்டுக் களத்திலேயே பரிசோதனை நடத்த நிர்வாகத்தைக் கேட்போம். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம், அவ்வளவுதான். 30 வயதைக் கடந்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கிராணிமார் எழுதித் தரட்டும். தாய்மார்கள் கணவன்மாரைக் கையோடு அழைத்து வரட்டும். தாங்களும் வரிசையில் நிற்கட்டும்.

மரம் பட்டுப்போனால் தோட்டம் வேறு கன்று நடும். குடும்பத்தலைவன் சாய்ந்தால் அந்த வீட்டில் யாரை நடுவது? சிந்தியுங்கள், தோழர்களே!