கூடி உட்கார்ந்தால் பயம் ஓடும்!

(தலைப்பு: ஆட்டிசக் குழந்தையின் பயத்தைப் போக்கப் பெரிதும் துணை நிற்பது தனிப் பயிற்சியா? குழுப் பயிற்சியா? ‘குழுப் பயிற்சியே’ என்ற அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி போட்டுட்டுப் போனாங்க. “கூட்டத்தைக் கண்டாலே காதைப் பொத்திக்கிற பிள்ளையைக் கூட்டத்திலேயே உட்கார வைக்கிறதா? தண்ணிக்குப் பயந்தவனைக் கிணத்துல தள்ளுற கதையா இருக்கே!” என்று கேட்டாங்க. நல்ல கேள்விதான் ஐயா. ஆனா கூட்டம்னதும் அவங்க தேர்த் திருவிழாவை நினைச்சிட்டாங்க! (சிரிப்பு) நாங்க சொல்றது நாலஞ்சு பிள்ளைகள், அவங்க அப்பா அம்மா, பயிற்சி பெற்ற நிபுணர்கள். இது கிணறு இல்லை நடுவர் அவர்களே, கணுக்கால் அளவுத் தண்ணீர்! (கைதட்டல்)

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்குப் பதற்ற நோயும் சேர்ந்தே இருக்கிறது. 31 ஆய்வுகளைத் திரட்டி 2011-இல் சொன்ன கணக்கு இது. ஆனா நம்ம ஊர்ல அந்தப் பதற்றத்துக்கு என்ன பேரு? ‘அடம்’, ‘திமிர்’, ‘வளர்ப்பு சரியில்லை’. பிள்ளை நடுங்குது ஐயா, நாம தாயைத் திட்டிக்கிட்டு இருக்கோம்!

அமெரிக்காவிலே கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஜூடி ரீவன் என்ற உளவியல் அறிஞரும் அவர் குழுவினரும் ஒரு திட்டம் வகுத்தார்கள். ‘உன் பயத்தை நீயே எதிர்கொள்’ என்பது அதன் பொருள். ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரம். முதலில் எல்லோரும் சேர்ந்து உட்காருவார்கள். பிறகு பிள்ளைகள் தனியே, பெற்றோர் தனியே. பயத்தை வாயால் சொல்லத் தெரியாவிட்டால் வரைந்து காட்டலாம்.

அப்புறம் ஏணி கட்டுவாங்க. குக்கர் விசிலுக்குப் பயப்படுகிற பிள்ளை என்று வையுங்கள். முதல் படி, விசில் சத்தத்தை மெதுவாக ஒலிப்பதிவில் கேட்பது. அடுத்து, வாசலில் நின்று கேட்பது. அப்புறம் கூடம். கடைசியாகத்தான் அடுப்படி. ஒரு படி பழகாமல் அடுத்த படி கிடையாது, கையைப் பிடித்து இழுப்பதும் கிடையாது. பயத்தை எப்படி ஜெயித்தேன் என்று பிள்ளைகளே நடித்துச் சின்னப் படமும் எடுக்கிறார்கள். ‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்று இருந்த பிள்ளை, ‘உனக்குமா?’ என்று பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிறதே, அதைத் தனி அறையில் எந்த மருத்துவர் தருவார்? (பலத்த கைதட்டல்)

2012-இல் 50 பிள்ளைகளை வைத்துச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். குழுவில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். வழக்கமான சிகிச்சையிலேயே இருந்தவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைவு!

“பெற்றோருக்கு அங்கே என்ன வேலை?” என்று எதிரணி நண்பர் கேட்டார். 2005-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு பதில் சொல்கிறது. 10 முதல் 12 வயதுள்ள 71 பிள்ளைகள். பிள்ளைக்கு மட்டும் பயிற்சி கொடுத்ததைவிட, பெற்றோரையும் சேர்த்தபோது பலன் கூடியது. ஏன்? வாரத்துக்குச் சில மணி நேரம்தான் நிபுணர். மீதி நேரமெல்லாம் அம்மா! பிள்ளை பயப்படுதேன்னு எல்லாத்தையும் ஒளிச்சு வைக்கிறதும் பாசம்தான். ஆனா அந்தப் பாசத்துல பயம் வளருது. எங்கே அணைக்கணும், எங்கே கையை விடணும் என்று அந்தத் தாய்க்குச் சொல்லித் தர வேண்டாமா?

நான் நியாயமாகவும் பேசணும். இந்த ஆய்வுகள் ஓரளவு நன்றாகப் பேசக்கூடிய பிள்ளைகளிடம் நடந்தவை. பேச்சு வராத பிள்ளைக்கு வழி வேறு. சில பிள்ளைக்குச் சத்தம் பயம் மட்டுமல்ல, வலி. அங்கே ஏணி வேண்டாம், சத்தத்தைக் குறையுங்கள். நாங்கள் ஆட்டிசத்தை விரட்ட வரவில்லை. அந்தப் பிள்ளை அப்படியே இருக்கட்டும். பயம் மட்டும் போகட்டும்!

ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும். தனியாகத் தவிக்கிற தாய்க்கும் பிள்ளைக்கும் பக்கத்திலே நாலு பேர் உட்காரட்டும் நடுவர் அவர்களே! ‘குழுவே’ என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள். (கைதட்டல்)