சொல்லும் சான்றும்



கேட்போரைத் தம்வயப்படுத்தப் பேச்சாளர் கையாளும் உத்திகள் பல. எண்ணி அடுக்குதல், கதை கூறல், முன்னோரைக் காட்டல், விளியிலேயே குற்றஞ் சாட்டல் என்பன அவற்றுட் சில. இவை உண்மைக்கும் துணைபோகும், பொய்க்கும் துணைபோகும். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் இவ்விரண்டையும் காணலாம்.

முதலாவது, கொலைக்களக் காதை. கோவலனைக் கண்ட காவலர் தயங்குகின்றனர். கொலைக்குரியவனாக அவன் அவர்களுக்குத் தோன்றவில்லை. பொற்கொல்லன் இகழ்ந்து நகைக்கிறான். கள்வருக்குத் துணையாவன எட்டு என்று மந்திரம் முதற் கருவி ஈறாக அடுக்குகிறான். தூதுவன் கோலத்தில் வந்து ஆரம் கவர்ந்த கள்வனொருவனின் கதையையும் சொல்கிறான். எண்ணிட்டு அடுக்கினால், சொல்பவன் யாவும் அறிந்தவன்போலத் தோன்றுவான். கதையோ அச்சத்தை விளைவிக்கும். ஆனால், அந்தக் கதைக்கும் கோவலனுக்கும் என்ன தொடர்பு? ஒருவரும் கேட்கவில்லை. காவலன் ஒருவன் தானும் ஒரு கள்வன் கதையைத் தொடங்கிவிடுகிறான். அறிவற்ற இன்னொருவனின் வாள் கோவலனை வீழ்த்துகிறது.

இரண்டாவது, வழக்குரை காதை. கண்ணகி பாண்டியனை விளிக்கும்போதே, ஆராயாத அரசன் என்ற குற்றச்சாட்டு அந்த விளியில் அமைந்துவிடுகிறது. நீ யார் என்று அவன் வினவ, அவள் தன் ஊரைச் சொல்கிறாள். புறாவின் துயர் தீர்த்த சோழனும், பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலிலிட்ட சோழனும் வாழ்ந்த புகார் அது. நீ அவர்களைப் போன்றவனல்லன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாது விட்ட ஒப்பீட்டைக் கேட்பவனே முடித்துக்கொள்கிறான். அதனாலேயே அது ஆழத் தைக்கிறது.

கள்வனைக் கொல்வது முறையே என்கிறான் அரசன். இங்கே கண்ணகி அடுக்குமொழியை நாடவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று மட்டும் சொல்கிறாள். தமது சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். சிலம்பு கொணரப்படுகிறது, உடைக்கப்படுகிறது, மாணிக்கம் தெறிக்கிறது.

நேயர்களே, இருவருமே சொல்வல்லவர்கள்தாம். பொற்கொல்லன் கூறியதில் சோதித்துப் பார்க்க எதுவுமில்லை. கண்ணகி கூறியதோ சபையறியச் சோதிக்கத்தக்கது. பொய்யாயின் அப்போதே வெளிப்பட்டிருக்கும்.

தேர்தல் மேடையிலோ, துண்டுப்பிரசுரத்திலோ, விளம்பரத்திலோ அழகிய அடுக்குகளைக் கேட்கும்போது அவற்றை நாம் சுவைக்கலாம். ஆனால் உடைத்துப் பார்க்கத்தக்க சிலம்பு எங்கே என்றும் கேட்கவேண்டும். காவலர் அதைக் கேட்டிருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கும் அன்றோ?